சிட்னியிலிருந்து கப்பல் கிளம்பும் அந்த ஒரு மணி நேரம்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

வெஸ்ட்மீட் மாறன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வருகிற நவம்பரில், சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மாவையும், என் மனைவியையும், ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு, சிட்னி சர்க்குலர் கீயிலிருந்து நியூ கலிடோனியா சென்று திரும்பும் எட்டு இரவுப் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். தீவுகளைப் பற்றியோ கப்பல் சாப்பாட்டைப் பற்றியோ எனக்குக் கேள்வி இல்லை. கப்பல் கரையை விட்டுக் கிளம்பித் துறைமுக வாயைத் தாண்டும் வரையிலான அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டுமே கேட்க விரும்புகிறேன்.

காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் முதல்முறை போனபோது, இரவு உணவு நேரத்தை மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வரிசை நகரவில்லை, கப்பல் நகர்ந்துவிட்டது. மாற்றிய நேரச் சீட்டோடு வெளியே ஓடி வந்து பார்த்தபோது ஓப்ரா ஹவுஸ் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இம்முறை அந்தத் தவறு நேரக் கூடாது. மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். எங்கள் அறைக்கு இடப்புறத்தில் பால்கனி உண்டு. அதுவே போதுமா, மேல்தளத்துக்குப் போக வேண்டுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

பிளாக்டவுன் சேகர்

மாறன், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. நீச்சல்குளத் தளத்துக்கு நாலே காலுக்கெல்லாம் போய்விடுங்கள். இசைக்குழு வாசிக்கும், குழந்தைகள் ஆடுவார்கள், அப்பாவுக்குச் சாய்வு நாற்காலி கிடைக்கும். ஆறு முறை போயிருக்கிறேன். ஆறு முறையும் அங்கேதான் இருந்தேன். விடுமுறை தொடங்கிவிட்டது என்று உடம்புக்கு உறைப்பது அந்த முதல் பாட்டில்தான். வண்ணக் குடை செருகிய கண்ணாடிக் குவளையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பனிக்கட்டி, குவளைக்கும் தனிக் காசு.

பழைய செராங்கு

மாறன் தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, செராங்காக, அதாவது கப்பல் தளத் தொழிலாளர்களின் தலைவனாக, ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் இரண்டு முறை சிட்னியிலிருந்து பயணியாகவும் போயிருக்கிறேன். முதல்முறை எனக்கு விநோதமாக இருந்தது ஒன்றுதான்: கப்பல் கிளம்புகிறது, என் கையில் வேலை எதுவும் இல்லை. 31 ஆண்டுகளில் ஒருநாள்கூடக் கப்பல் கிளம்புவதை நான் பார்த்தது கிடையாது, கயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

சேகர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன் என்று அவர் வருத்தப்படக் கூடாது. மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் கப்பலைச் சுற்றி நடைபாதை இருந்தால், துறைமேடைப் பக்கத்துக் கைப்பிடியில் அரை மணி நேரம் முன்னதாகவே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பதினான்காம் தளத்திலிருந்து பார்த்தால் கரையில் வேலை செய்பவர்கள் எறும்புகள். அந்தத் தளத்திலிருந்து பார்த்தால் அவர்களுடைய முகம் தெரியும்.

முதலில் நடைபாலத்தை எடுப்பார்கள். பிறகு கயிறுகளைக் குறைப்பார்கள். கரையில் கட்டியிருக்கும்போது பெரிய கப்பலுக்கு அணியத்திலும் அமரத்திலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட கயிறுகள் போட்டிருக்கும். இந்த அணியம், அமரம் என்ற சொற்களை எங்கள் ஊர் வள்ளக்காரர்கள் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இன்றும் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். 'சிங்கிள் அப்' என்று மேலிருந்து உத்தரவு வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுவார்கள். கப்பலில் இருப்பவர் கயிறு சுற்றும் வின்சைத் தளர்த்துவார். முறுக்கேறி நின்ற கயிறு தொய்ந்து கொடுக்கும். கரையில் இருவர் குனிந்து, மணிக்கட்டு கனத்துக்கு இருக்கும் அதன் கண்ணியை இரும்புக் குற்றியிலிருந்து தூக்கிக் கடலில் தள்ளுவார்கள். அது நீரில் விழும் சத்தம், ஈர வேட்டியைத் துவைகல்லில் அடித்தது போல இருக்கும். பிறகு நீர் சொட்டச் சொட்ட அது கப்பலின் வயிற்றுக்குள் போய்விடும். கயிறு முறுக்கேறி நிற்கும் நேரத்தில் அந்த இருவரும் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அறுந்த கயிறு திரும்பி வரும் வீச்சில் காலை இழந்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கயிறு கழன்ற பிறகும் சில நொடிகள் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அப்போது துறைமேடை ஓரத்தில் இருக்கும் ரப்பர் தாங்கியில் கண்ணை வையுங்கள். கப்பல் சாய்ந்திருந்தவரை நசுங்கியிருந்த ரப்பர், மூச்சு இழுப்பது போல மெல்லப் பருக்கும். அடுத்து அதற்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரியும். அந்த ஒரு சாண்தான் புறப்பாடு. மேல்தளத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. அவர்களுக்குக் கரை முப்பது அடி தள்ளிப் போன பிறகுதான் செய்தி போய்ச் சேரும். கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவதற்காக அணியத்தின் அடியில் குறுக்குக் குழாய்களில் சுழலி விசிறிகள் வைத்திருக்கிறார்கள். அவை ஓடும்போது இடைவெளியில் இருக்கும் நீர் உலை கொதிப்பது போலப் பொங்கி, அடிச் சேற்றை வாரிக்கொண்டு மேலே வரும்.

பரமட்டா வாசுகி

செராங்கு ஐயா எழுதியதைப் படித்த பிறகு, அந்த ரப்பரைப் பார்ப்பதற்காகவே இன்னொரு பயணம் போக வேண்டும் போல இருக்கிறது.

மாறன், பால்கனி மட்டும் போதாது என்பது என் கருத்து. சிட்னித் துறைமுகம் இருபுறமும் விரியும் இடம். ஒரு பக்கத்தில் அடைந்து கிடந்தால் பாதியைத்தான் பார்ப்பீர்கள். எது எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் ஏறப்போகும் முனையம் சிட்னிக் குடாவின் மேற்குக் கரையில், ராக்ஸ் பக்கத்தில் இருக்கிறது, 1960-இல் திறந்தது. கப்பலின் மூக்கு சர்க்குலர் கீ ரயில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இடப்புற அறைகளுக்கு ஓப்ரா ஹவுஸ் நேர் எதிரே தெரியும். அந்த நிலையில் கப்பல் பின்னோக்கி வெளியே வந்து, ஹார்பர் பாலத்துக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே மூக்கைக் கிழக்கே திருப்பும். திருப்பி முடிக்கும்போது ஓப்ரா ஹவுஸ் உங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடி வலப்பக்கம் போய்விடும். மூக்கு ஏற்கெனவே வெளிப்புறமாக இருந்தால், ஓப்ரா ஹவுஸ் தொடக்கம் முதலே வலப்புறம்தான். ஆக, முனையத்துக்குள் நுழையும்போதே தலையைத் தூக்கி மூக்கு எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

திரும்பிய பிறகு கிழக்கு நோக்கிய பயணம். இடப்பக்கம் கிரிபிலியில் பிரதமருக்கும் ஆளுநர் நாயகத்துக்கும் உள்ள சிட்னி இல்லங்கள் மரங்களுக்கிடையே எட்டிப் பார்க்கும். வலப்பக்கம், முன்பு கைதிகளைத் தண்டித்து வைத்த பாறைத் தீவில் டெனிசன் கோட்டை. அடுத்து கடற்படைத் தளம். இடப்பக்கம் டரோங்கா விலங்குக்காட்சிச் சாலையைத் தாண்டியதும் பிராட்லீஸ் ஹெட் என்ற முனை வரும். அங்கே நீரோரமாக, கப்பல் இல்லாத ஒரு கொடிமரம் தனியாக நிற்கும். தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

அது முதல் எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற போர்க்கப்பலின் மூன்றுகால் கொடிமரம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு பொழிந்த ஜெர்மன் கப்பல் எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுகளுக்கு அருகே அடித்து வீழ்த்தியது இந்தக் கப்பல்தான். சிட்னியைப் பிற்பாடு உடைத்துவிட்டார்கள்; கொடிமரத்தை மட்டும் 1934-இல் இங்கே நட்டார்கள். நம் வீடுகளில் சூழ்ச்சிக்காரனை 'அவன் சரியான எம்டன்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லின் மறுபாதி இங்கே நிற்கிறது.

கடைசியில் துறைமுக வாய். இடப்பக்கம் வடமுனை, செங்குத்தான பாறை. வலப்பக்கம் தென்முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு குட்டையான ஹார்ன்பி கலங்கரை விளக்கம். 1857 ஆகஸ்டில் டன்பர் என்ற பாய்க்கப்பல் இரவில் வாயைத் தவறவிட்டுப் பாறையில் மோதி 121 பேர் இறந்தார்கள், ஒரே ஒருவர் பிழைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஏற்றிய விளக்கு அது. அதைத் தாண்டும்போது கேப்டன் மூன்று முறை சங்கு ஊதி நகரத்துக்கு விடை சொல்வார் என்று நினைக்கிறேன். இல்லை, கரையை விட்டுக் கிளம்பும்போதா? மூன்று முறை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பழைய செராங்கு

வாசுகி அம்மா, நீங்கள் கேட்டது கிளம்பும்போதுதான் இருக்கும். அது விடைபெறும் ஒலியாக இருந்திருக்காது. மூன்று குறுகிய ஒலி என்றால், 'என் இயந்திரம் பின்னோக்கி ஓடுகிறது' என்று பொருள். உலகம் முழுவதற்குமான கடல் போக்குவரத்து விதி அது. சிட்னிக் குடாவில் படகுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முந்நூறு மீட்டர் நீளக் கப்பல் பின்னால் பார்க்காமல் வருகிறது, விலகுங்கள் என்று அவற்றை எச்சரிக்கிறார்கள். மேலே எல்லாரும் அதைக் கேட்டுக் கைதட்டி ஆரவாரம் செய்வார்கள். செய்யட்டும், நல்லதுதான். நீளமாக மூன்று முறை ஊதினால், அது வணக்கம்.

பிளாக்டவுன் சேகர்

ஆறு பயணங்களிலும் அந்த ஒலிக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.

இருந்தாலும் என் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்பது வயதுப் பெண் அரை மணி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றைப் பார்ப்பாளா? இரண்டாவது கயிறு கழலும்போதே 'ஐஸ்கிரீம் எங்கே' என்பாள். பிள்ளைகளோடு போவோர் ஆட்டம் பாட்டத்தில் சேர்ந்துகொள்வதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

பால்மெய்ன் சுடர்

எல்லாரும் சர்க்குலர் கீயைப் பற்றியே பேசுகிறீர்கள். வாய்ப்பு கிடைத்தால் வைட் பே முனையத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள் என்பதற்காக எழுதுகிறேன். 2013-இல் திறந்த அந்த முனையம் பாலத்துக்கு மேற்கே இருப்பதால், கப்பல் ஹார்பர் பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். பாலத்தின் அடிப்பகுதிக்கும் நீருக்கும் இடையே 49 மீட்டர்தான் உயரம். அதனால்தான் பெரிய கப்பல்கள் அங்கே போகாமல் உங்கள் பக்கம் கட்டுகின்றன.

மேல்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கி பாலத்தில் இடிக்கப் போகிறது என்று சத்தியம் செய்வீர்கள். இடைவெளி இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும், கழுத்து தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேலே ஓடும் ரயிலின் தடதடப்பு, நிழல், சட்டென்று ஒரு குளிர், அடுத்த நொடி மறுபடி வெயில். வெயில் வந்ததும் வலப்பக்கம் ஓப்ரா ஹவுஸ். 1932-இல் திறந்த பாலம், 503 மீட்டர் வளைவு என்றெல்லாம் படித்திருக்கிறோம். அதன் அடிவயிற்றுத் தறையாணிகளை எண்ணும் அளவுக்கு அருகே போவது வேறு விஷயம். இந்த ஒன்றுக்கு மட்டும் செராங்கு ஐயா சொன்ன கீழ்த்தளம் உதவாது.

பழைய செராங்கு

ஒப்புக்கொள்கிறேன். பாலத்துக்கு மேல்தளம்.

சிங்கப்பூர் தேன்மொழி

எங்கள் ஊரில் இந்தச் சுகம் சற்று வேறு மாதிரியானது. மரீனா பே முனையத்திலிருந்து கிளம்பினால் தாண்டிப் போகப் பாலமும் இல்லை, பாறையும் இல்லை. நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களின் நடுவே போவோம். இருட்டிய பிறகு அவற்றின் விளக்குகளைப் பார்த்தால், கடலுக்குள் இன்னோர் ஊர் இருப்பது போல இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. பழைய சிட்னிப் புகைப்படங்களில், கப்பலில் இருப்பவர்களும் கரையில் இருப்பவர்களும் வண்ணக் காகித நாடாக்களின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கப்பல் விலக விலக நாடா இறுகி, ஒவ்வொன்றாக அறுந்து நீரில் விழும். கடலில் குப்பை சேர்வதால் இப்போது அதை விடுவதில்லை. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நினைவு வரும். 1960-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் அம்மா சிங்கப்பூர் வந்தார். நாகையில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். வழியனுப்ப வந்த தாத்தா கரையிலேயே நின்றுவிட்டார். கப்பல் நங்கூரம் எடுத்தபோது கை காட்ட எதிரே ஒருவரும் இல்லை, கரை ஒரு கோடாகத் தெரிந்தது என்று அம்மா சொல்வார். கப்பல் கிளம்புவதை வேடிக்கையாகப் பார்க்கலாம் என்பதை அவரை நம்பவைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. கடைசியில் வந்தார், கைப்பிடியருகே நின்று, யாரென்றே தெரியாத துறைமுகத் தொழிலாளி ஒருவருக்கு விடாமல் கை காட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் சளைக்காமல் காட்டினார்.

வெஸ்ட்மீட் மாறன்

இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மிச்சம். கிளம்பும் நேரத்தில் உயிர்காப்புப் பயிற்சி என்று எல்லாரையும் கூட்டி நிறுத்திவிட்டால் இந்தத் திட்டமெல்லாம் என்ன ஆகும்? அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

பரமட்டா வாசுகி

2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா இத்தாலியக் கரையருகே கவிழ்ந்த பிறகு விதியை இறுக்கி, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல நிறுவனங்கள் கூட்டமாக நிறுத்துவதை விட்டுவிட்டன. கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, உங்களுக்குரிய இடத்துக்கு ஒருமுறை நேரில் போய் அட்டையைக் காட்டினால் போதும். ஏறியவுடன் முதல் வேலையாக அதை முடியுங்கள், சாப்பாட்டுக் கூடத்துக்கு அப்புறம் போகலாம். உணவு நேரம் மாற்றும் மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அப்பாவுக்குக் கப்பலின் பின்புறம்தான் சரி. பெரும்பாலான கப்பல்களில் அங்கே மேசை நாற்காலியோடு ஒரு திறந்தவெளி இருக்கும், முன்புறம் போலக் காற்று அடிக்காது. கப்பல் கிழக்கே போவதால் பாலமும் நகரமும் பின்னால்தான் பின்வாங்கும். எழுந்திருக்காமலே கடைசிவரை பார்க்கலாம். நவம்பரில் ஏழே காலுக்கு மேல்தான் சூரியன் மறையும் என்பதால் ஐந்து மணிக்கு மேற்கு வெயில் கண்ணில் விழும். தொப்பி கட்டாயம்.

துறைமுக வாயில் பசிபிக்கின் முதல் அலை வந்து தூக்கும். அந்த வாயைக் குறுக்கே கடக்கும் மேன்லி படகில் போனவர்களுக்கு அது தெரியும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

பழைய செராங்கு

வாயைத் தாண்டியதும் எல்லாரும் உள்ளே சாப்பிடப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். பைலட் இறங்குவதைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தின் ஆழமும் ஓட்டமும் அறிந்த அவர் இவ்வளவு நேரமும் கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தவர். இனி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சிறு படகு ஒன்று பின்னாலிருந்து ஓடி வந்து கப்பலோடு ஒட்டி, அதே வேகத்தில் ஓடும். அந்தப் பக்கம் அலை குறைவாக இருக்கும்படி கப்பலைச் சற்றே திருப்பிப் பிடிப்பார்கள். நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும், கயிற்றேணி தொங்கும். எந்தப் பக்கம் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. படகு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தக் கைப்பிடிக்கு ஓடுங்கள்.

வெஸ்ட்மீட் மாறன்

திரும்பி வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில், மழை. பெருமழை இல்லை, ஆனால் விடாத தூறல். நீச்சல்குளத் தளத்துக் கொண்டாட்டத்தை உள்ளே ஒரு கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள், சேகரை நினைத்துக்கொண்டோம். இரண்டாவது, கப்பலின் மூக்கு வெளிப்புறமாக இருந்தது. அதாவது பின்னோக்கி வர வேண்டிய தேவையே இல்லை, மூன்று குறுகிய ஒலியும் இல்லை. மகளிடம் நான் அந்த விதியைப் பெருமையாக விளக்கி வைத்திருந்தேன். 'எப்போதுப்பா ஊதுவார்கள்' என்று கலிடோனியா வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூக்கு வெளிப்புறம் இருந்ததால் துறைமேடை எங்கள் இடப்பக்கம் அமைந்தது. நானும் மகளும் கீழ்த்தள நடைபாதையில், படகுகளுக்கு அடியில் நின்றோம், தூறல் படவில்லை. எங்களைத் தவிர அங்கே நான்கு பேர்தான் இருந்தார்கள். ஏதோ உணவுப் பொருள் ஏற்றும் வண்டி தாமதமானதால் ஐந்தே முக்காலுக்குத்தான் கயிற்றைத் தொட்டார்கள். சேகர் சொன்னபடியே மகள் ஐஸ்கிரீம் கேட்டாள், ஆனால் இரண்டாவது கயிற்றில் இல்லை, கயிறு கழற்றத் தொடங்குவதற்கு முன்பு. தொடங்கிய பிறகு கேட்கவில்லை. கண்ணி விழுந்த ஒவ்வொரு முறையும் எண்ணினாள். பதினொன்று வரை எண்ணியதாகச் சொல்கிறாள், அணியப் பக்கம் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. செராங்கு ஐயா சொன்ன ரப்பர் தாங்கி எங்களுக்கு நேர் கீழே இருந்தது. அது பருத்ததையும் அவள்தான் முதலில் கண்டாள். 'அப்பா, அது நம்மை விட்டுவிட்டது' என்றாள். குனிந்து பார்த்தேன், ஈரமான கரிய ரப்பரில் கப்பலின் வெள்ளைச் சாயம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது, அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் சேற்று நீர்.

அங்கிருந்து பின்தளத்துக்கு ஓடினோம். அப்பா, அம்மா, மனைவி மூவரும் கூரையின் கீழ் மேசை பிடித்து வைத்திருந்தார்கள். வலப்பக்கமாக வந்த ஓப்ரா ஹவுஸை மழையில் பார்த்தால் வெள்ளையாகத் தெரிவதில்லை, சாம்பலும் மஞ்சளும் கலந்து, ஊறவைத்த பாதாம் பருப்பின் நிறத்தில் தெரிகிறது. படங்களில் இருப்பதைவிட எனக்கு இதுவே பிடித்திருந்தது. பாலம் பின்னால் போகப் போகத் தூறலில் அதன் மேல்வளைவு மட்டும் மிஞ்சி, அதுவும் கரைந்தது.

அப்பா எதற்கும் எழுந்திருக்கவில்லை. 'பிராட்லீஸ் ஹெட் வருகிறது' என்று நான் சொன்னதும் கைத்தடியை ஊன்றி எழுந்து இடப்பக்கக் கைப்பிடிக்கு வந்துவிட்டார். அவருடைய தாத்தா திருவல்லிக்கேணியில் இருந்தவர். எம்டன் வந்த இரவில், பெண்டு பிள்ளைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போனதையும், வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று வழியெல்லாம் பாட்டியோடு சண்டை போட்டதையும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாராம். எனக்கு இதுவரை ஒருமுறையும் அப்பா சொன்னதில்லை. கொடிமரம் எங்களைக் கடந்து போன இரண்டு நிமிடங்களில் சொல்லி முடித்தார். 'பூட்டியிருந்தார்களா?' என்று மகள் கேட்டாள். 'பூட்டித்தான் இருந்தது, சாவியைத்தான் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்' என்றார். பிறகு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டார்.

துறைமுக வாயில் கப்பல் முதன்முறையாக அசைந்தபோது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கூட்டம் எங்களைக் கடந்து சென்றது. நாங்கள் போகவில்லை. பைலட் படகு இடப்பக்கம் வந்தது. அதாவது எங்கள் பால்கனிக்கு நேர் கீழே. அறைக்குப் போய் ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். கதவு திறந்தது, ஏணி தொங்கியது, ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவர் பின்பக்கம் காட்டியபடி இறங்கினார். படகு மேலே எழும்பும்போது காத்திருந்து, அது உச்சியில் நின்ற அரை நொடியில் காலை மாற்றி வைத்தார். அவ்வளவுதான், படகு வெட்டித் திரும்பிக்கொண்டு சிவப்பு வெள்ளை விளக்கின் பக்கம் ஓடியது. அவர் ஒருமுறை எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, படகு கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு, 'அந்தப் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவான் இல்லையா?' என்று கேட்டார். போய்விடுவார் என்றேன். வாசுகி அக்கா சொன்ன மரப்பா அதற்குள் பாதி தீர்ந்திருந்தது.